சொல்லும் வழியும் கேட்கும் செவியும்

பதினைந்து பதினாறு வயதுள்ள ஒரு பெண், தன் மனத்தில் இருப்பதைத் தோழியிடம் எவ்வாறு சொல்கிறாள்? தாயிடம் எவ்வாறு சொல்கிறாள்? தந்தைக்குத் தெரிவிக்க வேண்டுமானால் யாது செய்கிறாள்? இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன். இதுவும் ஒரு பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சில வேளைகளில் ஒரு பெண்ணின் வாழ்வே இதனைப் பொறுத்து அமைந்துவிடுகிறது.

நான் வாழும் ஊர் சங்கரன்கோவில். கோமதி அம்மனின் ஆடித் தபசுக்குப் பெயர்பெற்ற ஊர். விசைத்தறிகளின் ஓசை கேட்கும் ஊரும் கூட. தறி ஓடும் வீட்டில், பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றைச் சொல்லவேண்டுமானாலும் உரக்கக் கூவியே சொல்லவேண்டும். ஆனால் கூவிச் சொல்லத்தக்க செய்திகள் சில. கூவ இயலாதவை பல. ‘சோறு ஆறிப்போகிறது’ என்று கூவலாம். ‘நான் மேலே படிக்க ஆசைப்படுகிறேன்’ என்று கூவ முடியுமா? தறி இல்லாத வீட்டிலும் ஒரே அறையில் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். ஒருவர் பேசுவது மற்றெல்லார் காதிலும் விழுகிறது. ஆகவே அந்தப் பெண் கைப்பேசியை எடுத்து, ஓசையின்றித் தன் தோழிக்கு எழுதுகிறாள். ‘எந்நேரமும் அதையே தட்டிக்கொண்டிருக்கிறாள்’ என்று பெரியவர்களாகிய நாம் குறை கூறுகிறோம். அவள் ஏன் எழுதுகிறாள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

மனத்தில் இருப்பதை நேரே சொல்லாமல் வேறு வழியாகச் சொல்வது இன்று தோன்றிய வழக்கம் அன்று. நம் பழைய அகப்பாடல்களை நீங்கள் பாடமாகப் படித்திருக்கிறீர்கள். அங்கே தலைவி தன் காதலைப் பெற்ற தாயிடம் நேரே உரைப்பதில்லை. தோழிக்கு உரைக்கிறாள், தோழி செவிலித்தாய்க்கு உரைக்கிறாள், செவிலி நற்றாய்க்கு உரைக்கிறாள், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் தெரிவிக்கிறாள். இம்முறைக்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளைக் கொண்டது. அது முழுவதும் தோழி செவிலியிடம் பேசும் பேச்சே ஆகும். தலைவி அதில் ஒரு சொல்லும் நேரே பேசவில்லை. அவளுக்காகத் தோழி பேசுகிறாள். இதனை நம் முன்னோர் கோள் சொல்லுதல் என்று கூறவில்லை. அறம் என்றே கூறினர். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இவ்விடத்துக்கே திரும்பி வருவேன்.

காலம் மாறிற்று, கடிதம் வந்தது. நம் நாட்டில் 1879-இல் அறிமுகமான அஞ்சலட்டையை வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 1950-இல் வந்த இன்லண்டு கடிதத்தை மடித்து ஒட்டிவிடலாம். ஆனால் ஒட்டிய கடிதமும் மறைவாக இருந்ததா? மணமாகி வேற்றூர் சென்ற மகள் எழுதுவாள். ஊரில் உள்ள தாய்க்குப் படிக்கத் தெரியாது. தபால்காரரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையோதான் படித்துச் சொல்லவேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் அப்படிப் பலருக்குப் படித்துச் சொல்லியிருக்கிறேன். ‘இங்கு யாவரும் நலம், அங்குள்ளோர் நலமறிய ஆவல்’ என்பதற்கு மேல் அக்கடிதங்களில் ஒன்றும் இராது. தன் கடிதத்தை ஓர் அயலார் வீட்டுச் சிறுவன் தெருத்திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிப்பான் என்பதை அந்த மகள் அறிவாள். உண்மையை எழுதுவாளா? ஆடித் தபசுக்கோ தலைப்பிரசவத்துக்கோ தாய்வீடு வரும்போதுதான், அடுக்களையின் மூலையில் அமர்ந்து தாயிடம் அழுது சொல்வாள். யார் காதில் விழும் என்பதைப் பார்த்தே ஒரு பெண் சொல்லும் வழியைத் தேர்ந்துகொள்கிறாள் என்பதை நான் முதலில் கற்றுக்கொண்டது அந்தத் திண்ணையில்தான்.

கற்றதை நான் மறந்துபோன ஒரு நாளும் உண்டு. அதையும் உங்களிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். 1990-களின் தொடக்கம். பத்தாம் வகுப்புக்கு நான் ஆசிரியன். பள்ளியின் பெயர் இங்கே வேண்டா. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு ஒரு நாள், கணக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கையில், ஒரு பெண் ஒரு துண்டுத் தாளை மேசைக்கு அடியில் தன் தோழிக்கு நீட்டினாள். நான் அதைக் கண்டுவிட்டேன். வாங்கினேன், வகுப்பின் முன்பாகவே நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். பிறர் கடிதத்தைப் படிக்காமல் கிழித்தேன் அல்லவா? அதனை என் பெருந்தன்மை என்றே அன்று கருதினேன்.

பொங்கல் விடுமுறை கழிந்து பள்ளி திறந்தது. அந்தப் பெண் வரவில்லை. வீட்டார் அவளை வேற்றூரில் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னார்கள். அத்துடன் அச்செய்தி முடிந்தது. பல ஆண்டுகள் சென்றபின் அந்தத் தோழி என்னைக் காண வந்தாள். அவள் அப்போது தானே ஓர் ஆசிரியை. பழைய நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ‘சார், அன்று நீங்கள் கிழித்த தாளில் என்ன இருந்தது என்று தெரியுமா?’ என்று கேட்டாள். பின்னர் அந்தப் பெண்ணே அவளிடம் சொன்னதாம். ‘பொங்கலோடு என்னைப் படிப்பிலிருந்து நிறுத்தப் போகிறார்கள். எனக்குச் சொல்லப் பயமாயிருக்கிறது. சாரிடம் நீ சொல்.’ இவ்வளவுதான்.

மாணவ மாணவியரே, அந்தக் கடிதம் எனக்கு வந்த கடிதம். அது தோழியின் வழியாக என்னிடம் வந்துகொண்டிருந்தது. குறிஞ்சிப்பாட்டை நடத்திய ஆசிரியனுக்கு, தன் வகுப்பறையிலேயே ஒரு பெண் அதே வழியைத் தேடியது தெரியவில்லை. நான் அவள் வீட்டுக்குச் சென்று பேசியிருந்தால் அவள் படிப்புத் தொடர்ந்திருக்கும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் பேசியிருக்கலாம். அந்த வாய்ப்பை நான்காகக் கிழித்தவன் நான்.

இனி இன்றைய நிலையைப் பார்ப்போம். பேசுவதைவிட எழுதுவதையே இளம்பெண்கள் ஏன் பெரிதும் விரும்புகிறார்கள்? வீட்டின் ஓசையும் நெருக்கமும் மட்டுமே காரணமா? அமெரிக்காவிலுள்ள பியூ ஆய்வு மையம் இதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறது. 2011-இல் அங்கே 14 முதல் 17 வயது வரையுள்ள பெண்கள் நாளொன்றுக்கு அனுப்பிய குறுஞ்செய்திகளின் நடு அளவு 100 என்று கண்டார்கள். நண்பர்களோடு நாள்தோறும் குறுஞ்செய்தியில் பேசுவோர் பெண்களில் நூற்றுக்கு 62 பேர், ஆண்பிள்ளைகளில் 48 பேர் என்று அம்மையத்தின் 2015-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அங்கே பல வீடுகளில் பிள்ளைகளுக்குத் தனி அறை உண்டு. ஆயினும் அவர்களும் எழுதவே செய்தார்கள். ஆகவே வேறு காரணமும் இருக்கவேண்டும். வாயிலிருந்து விழுந்த சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. எழுதும் சொல்லை அனுப்புமுன் அழித்துத் திருத்தலாம். எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பதைப் பார்க்க வேண்டியதில்லை. தோழி தனக்கு ஓய்வுள்ளபோது படித்து மறுமொழி அனுப்பலாம். நாணமும் அச்சமும் மிகுந்த வயதில் இவையெல்லாம் பெரிய துணை அல்லவா?

ஆனால் நம் நாட்டில் இதற்கு ஒரு தடையும் உண்டு. பிரதம் நிறுவனத்தின் ஏசர் ஆய்வு, 2023-இல் 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களின் சிற்றூர்களில் 14 முதல் 18 வயதினர் 34,745 பேரைச் சந்தித்தது. பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேரின் வீட்டில் திறன்பேசி இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுள், தமக்கெனச் சொந்தமாக ஒன்று வைத்திருந்தோர் ஆண்பிள்ளைகளில் நூற்றுக்கு 43.7 பேர், பெண்களில் 19.8 பேர் மட்டுமே. மற்றப் பெண்கள் வீட்டிலுள்ள ஒருவருடைய கைப்பேசியில்தான் எழுதவேண்டும். தோழியின் மறுமொழியும் தந்தை அல்லது தமையன் கையிலேயே வந்து விழும். அண்ணன் எடுத்துப் படிப்பான் என்று தெரிந்தால் தோழி என்ன எழுதுவாள்? ‘நாளைக்குக் கணக்குத் தேர்வா?’ என்று எழுதுவாள். அன்று திண்ணையில் நான் உரக்கப் படித்த கடிதத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

எழுதும் வழியில் இடர்களும் உண்டு. எழுத்தில் குரல் இல்லை. விளையாட்டாக எழுதிய ஒரு வரி சினமாகத் தோன்றிப் பல நாள் நட்பைக் குலைத்துவிடும். இன்னோர் இடர் இதனினும் பெரிது. வாட்ஸ்அப் செய்திகள் 2016 முதல், அனுப்புபவரும் பெறுபவரும் அன்றி இடையில் எவரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பப்படுகின்றன. ஆனால் பூட்டு வழிக்குத்தான், வீட்டுக்கு அன்று. பெற்றவர் அதைப் படமெடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்புவதை எந்தப் பூட்டும் தடுக்காது. முகமறியாத ஒருவர் நட்புப் பேசினால், அவர் சொல்லும் பெயரும் வயதும் மெய்யென்று நம்பிவிடாதீர்கள். எனவே நாள்தோறும் நடக்கும் சிறு செய்திகளுக்கு எழுத்துப் போதும். மனத்தாங்கல் வந்துவிட்டால் நேரில் சென்று பேசுங்கள். முகம் பார்த்துத் தீர்ந்த பூசல்கள் பலவற்றை நான் கண்டிருக்கிறேன்.

தந்தையரிடம் நேரே பேசப் பெண்கள் ஏன் தயங்குகிறார்கள்? நம் வீடுகளில் மகள் சொல்வதைத் தாயே தந்தையிடம் எடுத்துச் செல்கிறாள். அதில் குற்றம் இல்லை. ஆனால் தந்தையே முதலில் பேசத் தொடங்கினால் எவ்வளவு நன்று! ஜவாகர்லால் நேரு 1930 அக்டோபர் 26 அன்று நைனிச் சிறையிலிருந்து, பதின்மூன்று வயது நிறையும் தம் மகள் இந்திராவுக்கு ஒரு பிறந்தநாள் கடிதம் எழுதினார். அதிலிருந்து 1933 வரை எழுதியவை 196 கடிதங்கள். உலக வரலாறு முழுவதையும் அவற்றில் சொன்னார். சிறுமிதானே என்று எண்ணாமல், அறிவுள்ள ஒருவரோடு பேசுவதைப் போல அவர் எழுதினார். எல்லாத் தந்தையரும் வரலாறு எழுத வேண்டியதில்லை. இரவு உண்ணும்போது ‘இன்று என்ன நடந்தது, அம்மா?’ என்று கேட்டு, விடை முடியும்வரை குறுக்கிடாமல் இருந்தால் போதும்.

மாணவிகளே, வாயால் சொல்ல முடியாவிட்டால் ஒரு தாளில் எழுதித் தாயிடமோ ஆசிரியரிடமோ கொடுங்கள். எழுதிக் கொடுப்பது கோழைத்தனம் அன்று. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற பெட்டி வைத்திருப்பது இதற்காகவே. பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும், குழந்தைகளுக்கு உதவும் 1098 என்ற எண்ணும் உங்களுக்காக உள்ளன.

மாணவர்களே, தங்கையின் செய்தி உங்கள் கைப்பேசியில் வந்தால் படிக்காமல் அவளிடம் கொடுங்கள். அவள் உங்களிடம் ஒன்றை மனம்விட்டுச் சொல்ல நாளை அது வழிவகுக்கும்.

முடிவாக, தோழியராக இருப்பவர்களுக்கு ஒரு சொல். உங்கள் தோழி சொன்ன சிறு மறைவுகளை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அது நட்பின் கடமை. ஆனால் அவள் படிப்புக்கோ உடலுக்கோ உயிருக்கோ தீங்கு வரும் என்று தெரிந்தால், ‘யாரிடமும் சொல்லாதே’ என்று அவள் கேட்டுக்கொண்டாலும், நம்பத்தக்க ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். கபிலரின் தோழி செய்தது அதுவே. அது அறம். அன்று தாளைக் கிழித்த நான் ஆசிரியர்களுக்குச் சொல்வதும் ஒன்று உண்டு. உங்கள் வகுப்பில் ஒரு துண்டுத் தாள் கைமாறக் கண்டால் கிழித்துவிடாதீர்கள். பாடம் முடிந்தபின் அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து, ‘என்னிடம் ஏதேனும் சொல்ல வேண்டுமா, அம்மா?’ என்று கேளுங்கள்.