தேடி வரும் தரகரை நம்பலாமா?



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் இம்மேடைக்குச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால், முதுமைக்கெனச் சேர்த்துவைத்த பணத்தை முகமறியாதவனிடம் பறிகொடுத்து நிற்பவருக்கு அது சிறியதன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் நமக்கு உற்றாரும் உறவினரும் உளர். அவர்களுள் 'டைம்ஷெயர்' வாங்கியவர் எவரேனும் இருப்பின், இவ்வுரையின் கருத்தை அவர்க்கு எட்டச் செய்யுங்கள்.

டைம்ஷெயர் என்பது யாது? உல்லாச விடுதியொன்றிலே ஆண்டுதோறும் ஒரு வாரம் தங்கும் உரிமை என்று சுருங்கக் கூறலாம். வாங்கும்போது ஆயிரக்கணக்கான டொலர் கொடுக்கவேண்டும். அதன் பின்னர், போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுக்காண்டு பராமரிப்புக் கட்டணம் செலுத்தவேண்டும். வயது ஏறுகிறது, பிரயாணம் குறைகிறது, கட்டணமோ கூடுகிறது. விற்கப் புகுந்தால், கொடுத்த விலையில் ஒரு சிறு பங்குதானும் கிடைப்பது பலருக்கு அரிதாகிறது.

இந்த வேளையிலேதான் தொலைபேசி மணி ஒலிக்கிறது. "உங்கள் வாரத்தை வாங்க மெக்சிக்கோவில் ஒருவர் ஆயத்தமாயிருக்கிறார்; நீங்கள் கொடுத்ததிலும் கூடிய விலை தருவார்" என்கிறான் ஒருவன். உங்கள் பெயரையும் அறிவான். விடுதியின் பெயரையும் அறிவான். முத்திரையிட்ட ஒப்பந்தம் வந்து சேருகிறது. பின்னர் வரி என்று ஒரு தொகை, பதிவுச் செலவு என்று ஒரு தொகை. அனுப்பினால் அடுத்த தொகை. ஐயுற்று நிறுத்தினாலோ, சில மாதங்களில் சட்டத்தரணி வேடத்தில் இன்னொருவன் வருகிறான். "இழந்ததை மீட்டுத் தருகிறோம், முதலிற் கட்டணம் அனுப்புங்கள்" என்கிறான். களவு கொடுத்த வீட்டிலேயே மீண்டும் கன்னமிடும் கொடுமை இது!

இது கற்பனையன்று. மெக்சிக்கோவிலிருந்து நடத்தப்பட்ட இத்தகைய மோசடிகளில், 2019 முதல் 2023 வரை ஏறத்தாழ 6,000 அமெரிக்கர் 30 கோடி டொலர் அளவில் இழந்ததாக முறையிட்டனர் என்பது அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறையின் கணக்கு. இவற்றின் பின்னால் ஹலிஸ்கோ என்னும் கொடிய போதைப்பொருட் கும்பல் நிற்பதாகக் கண்டு, 2023 ஏப்ரலில் அமெரிக்கத் திறைசேரி அதனைச் சார்ந்தோர் மீது தடை விதித்தது. அதே ஆண்டில், குவாதலஹாரா நகரின் அயலிலே, இவ்வழைப்புகளை விடுக்கும் நிலையமொன்றில் வேலை செய்த இளைஞர் சிலர் கொல்லப்பட்டனர். வேலையை விட்டு விலக முயன்றதே அவர்கள் செய்த குற்றம் என அமெரிக்க அதிகாரிகள் தெரிவித்தனர்.

ஆயின், மறுவிற்பனைத் தரகர் எல்லோரும் கள்வரோ? அல்லர், நேர்மையாளரும் உளர். இவரை அவரிடமிருந்து பிரித்தறிவது எங்ஙனம்? நம் ஊரிலே காணி வாங்குபவர், விற்பவர் காட்டும் உறுதியை மாத்திரம் நம்பிக் காசு கொடுப்பதில்லை. காணிக் கந்தோருக்குச் சென்று தோம்பு பார்க்கிறார். அதே வழியே இங்கும் வேண்டும். கம்பனி தந்த சான்றைக் கம்பனி தந்த தொலைபேசி இலக்கத்திலேயே விசாரிப்பது விசாரணையாகாது.

முதலாவதாக, தரகரின் அனுமதிப்பத்திரத்தை அவர் தொழில் நடத்தும் மாநிலத்தின் அரசாங்கப் பதிவேட்டிற் பாருங்கள். பதிவேட்டிற் பெயர் இருப்பதும் போதாது. உண்மையான தரகரின் பெயரையும் இலக்கத்தையும் திருடி நடிப்போர் பலர். ஆதலால், பதிவேட்டிலுள்ள முகவரிக்கு நீங்களே தொடர்புகொண்டு, அழைத்தவர் அவர்தாமா என்று கேளுங்கள்.

இரண்டாவதாக, அம்மாநிலச் சட்டமா அதிபரின் அலுவலகத்திலும் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிலும் அக்கம்பனி மீது முறைப்பாடு உண்டா என விசாரியுங்கள். மூன்றாவதாக, விடுதியையே கேளுங்கள். உரிமையைத் திருப்பி ஏற்கும் ஏற்பாடு சில விடுதிகளில் உண்டு.

நான்காவதே தலையாயது: பணம் எப்போது கேட்கப்படுகிறது? நேர்மையான தரகர் விற்பனை முடிந்தபின் விலையிலிருந்து தரகு பெறுகிறார். விளம்பரத்துக்கு முன்பணம் வாங்கும் கம்பனிகளும் உள. புளோரிடாவில் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் கைச்சாத்தாகுமுன் அவை பணம் பெறலாகாது. கைச்சாத்திட்ட 7 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை இரத்துச் செய்யும் உரிமையும் உண்டு. வாக்குறுதிகள் யாவும் எழுத்தில் உளவா என்று பாருங்கள். வாங்குபவர் ஆயத்தமென்று கூறி விற்பவரிடமே பணம் கேட்பவனுக்கு, அதிலும் அந்நிய நாட்டு வங்கிக்கு அனுப்பச் சொல்பவனுக்கு, ஒரு சதமும் கொடாதீர்கள்.

இறுதியாக ஒன்று. ஏமாந்தோர் பலர் பிள்ளைகளுக்கும் சொல்லாது வெட்கத்தால் வாய்மூடியிருக்கின்றனர். அந்த மௌனமே கள்வனுக்கு மூலதனம். வெட்கப்படவேண்டியவன் அவனே. ஏமாந்தவர் உடனே வங்கிக்கும் பொலிசாருக்கும் அறிவிக்கட்டும்; பிள்ளைகள் கடிந்துகொள்ளாது துணை நிற்கட்டும். நம் முதியோரின் பணத்தைக் காப்பது நம் அனைவரதும் கடமை.