பருத்திச் சட்டையும் சுங்க வரியும்
(மல்லேஸ்வரம் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மல்லேஸ்வரத்தில் ராஜா மில் இருந்த இடத்தில் இன்று மந்திரி மால் நிற்கிறது. நம் பெண்கள் பீனியா கார்மென்ட்ஸுக்குப் போகிறார்கள். அவர்கள் தைக்கும் துணி ஏற்றுமதியாகிறது. ஆகவே சுங்க வரி முதலாளி கணக்கு மட்டுமல்ல, நம் அடுப்பின் கணக்கும்தான்.

சுங்க அட்டவணையில் பின்னலாடைக்கு 61ஆம் அத்தியாயம். நெய்த துணியில் தைத்த உடைக்கு 62. அந்த எண்ணை வைத்தே வரி. பருத்தி டி-சர்ட்டுக்கு அமெரிக்காவில் அடிப்படை வரியே 16.5 சதவீதம். அதன் மேல் 2025 ஆகஸ்ட் 27இல் இந்தியச் சரக்குக்கான கூடுதல் வரி 50 சதவீதமாயிற்று. கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளர். அவரோ விலையைக் குறை என்பார், இல்லையேல் ஆர்டரை நிறுத்துவார். கடைசியில் சுமை தையல் மெஷின் முன்தான் இறங்கும்.

அதே ஆகஸ்டில் மத்திய அரசு பஞ்சு மீதான 11 சதவீத இறக்குமதி வரியை விலக்கி, சலுகையை டிசம்பர் 31 வரை நீட்டித்தது. ஆலைக்குச் சலுகை, பஞ்சு விளைவித்தவருக்கு விலைப் போட்டி, தைத்தவளுக்கு என்ன?

1896இல் வெள்ளையர் அரசு லங்காஷயர் ஆலைகளுக்காக நம் மில் துணிக்கு 3.5 சதவீத வரி போட்டது. எதிர்ப்புக்குப் பின் 1926இல்தான் அது ஒழிந்தது. கேட்காமல் எதுவும் வராது.

சலுகை பெறும் முதலாளி ஆட்குறைப்புச் செய்யக் கூடாது. ஓவர்டைம் கூலியும் பி.எஃப். பணமும் பாக்கி வைக்கக் கூடாது. இதை நிபந்தனையாக்கு என்று அரசைக் கேட்போம்.