யூரோ குழு: முகவரியற்ற அதிகாரம்



2015 ஜூலை 5 அன்று கிரேக்க மக்கள், கடன் கொடுத்தோரின் நிபந்தனைகளைப் பொது வாக்கெடுப்பில் நிராகரித்தனர். ‘வேண்டாம்’ என வாக்களித்தோர் 61 விழுக்காட்டுக்கும் மேல். எட்டே நாட்களில், ஜூலை 13 காலையில், அதனினும் கடுமையான நிபந்தனைகளை அவர்களுடைய அரசாங்கம் ஏற்றது. அது இடதுசாரிக் கட்சியான சிரிசாவின் தலைமையிலான அரசாங்கம் என்பதுதான் கசப்பு. பிரதமர் சிப்ராஸின் தடுமாற்றத்தைப் பற்றி இடதுசாரிகள் நிறையப் பேசியாயிற்று. அவரை வளைத்த இயந்திரத்தைப் பற்றிப் பேசியது குறைவு.

அவ்வியந்திரத்தின் நடுவில் இருப்பது யூரோ குழு. யூரோ நாணயத்தைக் கொண்ட நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடும் இடம் அது. அவர்கள் முறைசாரா வகையில் கூடுவர் என்று லிஸ்பன் ஒப்பந்தத்தின் இணைப்பொன்று கூறுகிறது. வாக்கெடுப்பு அறிவிக்கப்பட்டதும், கிரேக்க நிதியமைச்சர் வரூஃபாகிஸை விலக்கிவிட்டு ஏனையோர் கூட்டத்தைத் தொடர்ந்தனர். எந்த விதியின்படி என்று அவர் கேட்டார். சட்டத்தின் பார்வையில் அக்குழு இல்லாத ஒன்று, எனவே எழுதப்பட்ட விதி எதுவும் அதைக் கட்டுப்படுத்தாது என அதிகாரிகள் விடையளித்ததாக அவர் பதிவு செய்துள்ளார்.

அது அதிகாரிகளின் வாய்த்துடுக்கு அன்று. 2013இல் வங்கியில் வைத்த பணத்தை இழந்த சைப்ரஸ் வைப்பாளர்கள் இழப்பீடு கேட்டு வழக்காடினர். யூரோ குழு ஒன்றியத்தின் அமைப்பன்று, அதன்மீது இழப்பீட்டு வழக்குச் செல்லாது என 2020 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏனைய அமைப்புகளின் மீதான கோரிக்கையும் நிற்கவில்லை.

வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஐரோப்பிய மத்திய வங்கி அவசர நிதியின் உச்சவரம்பை உயர்த்த மறுத்தது. கிரேக்க வங்கிகள் மூடப்பட்டன. இயந்திரத்தில் நாளொன்றுக்கு 60 யூரோ மட்டுமே எடுக்க முடிந்தது. அந்த முடிவை எடுத்தவர்களில் ஒருவரும் மக்களின் வாக்கால் அப்பதவிக்கு வந்தவர் அல்லர்.

மேலிடத்தில் பூசலே இல்லையா? இருந்தது. கிரேக்கக் கடன் தாங்கத்தக்கதன்று, சலுகை வேண்டும் என்ற ஆய்வைச் சர்வதேச நிதியம் ஜூலை 2 அன்று வெளியிட்டது. கடனின் அசலைத் தள்ளுபடி செய்ய ஜெர்மனி ஒப்பவில்லை. இழப்பை எந்தக் கடன்காரர் தலையில் கட்டுவது என்பதே சச்சரவு. ஓய்வூதியத்தை வெட்டுவதிலும் மதிப்புக் கூட்டு வரியால் கூடுதல் வசூல் காண்பதிலும் இரு தரப்புக்கும் ஒரே குரல்தான். ஐரோப்பிய நாடாளுமன்றமோ, இந்தக் கடன்கார மூவர் அணியின் செயல்பாட்டில் வெளிப்படைத்தன்மை இல்லை என்று 2014இலேயே தீர்மானம் போட்டிருந்தது. போட்டதோடு சரி. சட்ட முன்வரைவைத் தானாகக் கொண்டுவரும் உரிமைகூட அதற்கு இல்லை.

2015 டிசம்பரில் 14 கிரேக்க விமான நிலையங்களை 40 ஆண்டுகளுக்குக் கைமாற்ற ஒப்பந்தம் கையெழுத்தானது; முன்பணம் ஏறத்தாழ 123 கோடி யூரோ. பெற்றுக்கொண்டது ஃபிராப்போர்ட் நிறுவனத்தின் தலைமையிலான கூட்டு. அந்நிறுவனப் பங்குகளில் பாதிக்கு மேல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநில அரசிடமும் ஃபிராங்க்ஃபர்ட் மாநகரிடமும் உள்ளன. பொதுச் சொத்து கூடாது என்ற விதி கிரேக்கத்துக்கு மட்டுமே.