குளியலறை கேஸ் கெய்சர்: கொஞ்சம் கவனம்

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரிக் கணக்கு முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் நேரம். பத்து நிமிடம்தான் கேட்கிறேன்.

"காட்பாடி வெயிலுக்கு ஹீட்டர் பேச்சு எதற்கு?" என்று கூட்டத்துக்கு முன்பே ஒருவர் கேட்டார். நியாயம்தான். ஆனால் மார்கழி, தை மாதக் காலையில் வெந்நீர் இல்லாமல் யார் குளிக்கிறோம்? கரன்ட் பில் குறையும் என்று சில வீடுகளில் கேஸ் கெய்சர் வந்துவிட்டது. அதைக் குளியலறைக்கு உள்ளேயே மாட்டியிருக்கிறோம். எனக்குக் கவலை அதில்தான்.

கேஸ் எரியக் காற்று போதவில்லை என்றால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறம் இல்லை, வாசனையும் இல்லை. "கேஸ் என்றால் நாற்றம் வருமே" என்பீர்கள். அது கசிவு தெரிவதற்காகச் சிலிண்டர் கேஸில் சேர்க்கும் மெர்காப்டானின் நாற்றம். எரிந்த புகையில் அதை எதிர்பார்க்க முடியாது. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினோ ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். சின்னக் குளியலறை, கதவு ஜன்னல் சாத்தியிருக்கிறது, குளிருக்காக எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடவில்லை என்றால் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம்.

2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் என்ற மலை ஊருக்குச் சுற்றுலா போன கேரளத்தவர் எட்டு பேர், அதில் நான்கு குழந்தைகள், கேஸ் ஹீட்டர் எரிந்த விடுதி அறையில் இறந்தார்கள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், பார்பிக்யூ முடித்த கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழுந்திருக்கவே இல்லை. நம் பிள்ளைகள் வாரக் கடைசியில் ஏலகிரிக்குப் போகிறவர்கள். இதை அவசியம் சொல்லி அனுப்புங்கள். பிரியாணிக்குத் தம் போடும் கரி நெருப்பும் இதே ஜாதிதான். மொட்டை மாடியில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. மழை வந்தது என்று அடுப்போடு உள்ளே தூக்கி வரக் கூடாது.

அறிகுறி ஏமாற்றும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி என்று வந்தால் நேற்றைய ஓட்டல் சாப்பாட்டின் மேல் பழி போட்டுவிடுவோம். காய்ச்சல் இல்லாமல் வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வந்தால், வெளியே போனதும் தெளிந்தால், சந்தேகப்படுங்கள்.

குளிக்கப் போனவர் தட்டியும் பதில் தரவில்லையா? கதவைத் திறந்து, கெய்சரை நிறுத்தி, ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து 108-ஐ அழையுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரை நம்பாதீர்கள். இந்த வாயு ஏறிய ரத்தத்தையும் ஆக்ஸிஜன் ஏறியதாகவே அது காட்டக்கூடும். 98 என்று பார்த்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக "கேஸ் கெய்சர் ஓடிக்கொண்டிருந்தது" என்று சொல்லுங்கள். நெஞ்சுவலியா, வலிப்பா என்று டாக்டர் தேடும் நேரம் மிச்சம்.

தீர்வு எளிது, செலவுதான் கொஞ்சம். கெய்சர் வெளியே, காற்றோட்டமான யுட்டிலிட்டி பால்கனியில் இருக்கட்டும். உள்ளே வெந்நீர்க் குழாய் மட்டும் வரட்டும். அதுவரை பக்கெட்டில் பிடித்துக்கொண்டு, கெய்சரை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டுக் குளியுங்கள். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் மெக்கானிக் வரும்வரை தொடாதீர்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள், "ஓனர் சம்மதிக்க மாட்டார்" என்கிறார்கள். ஓனருக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் போகட்டும் என்பது என் கோரிக்கை. இந்தக் கூட்டத்திலேயே தீர்மானமாக எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த மார்கழிக்குள் வேலை முடியும்.