மலைநாட்டில் கூந்தல் ஒப்பனை

தேவிகுளத்தில் ஒரு பெண் காலையில் தன் கூந்தலை உருளைகளில் சுற்றிச் சுருளாக்கி, அழகுறச் சீவிக்கொண்டு பஸ் ஏறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மூடுபனியைக் கடந்து மூணாறு சென்று சேர்வதற்குள் அந்தச் சுருள் பாதி அவிழ்ந்துவிடக்கூடும். அதே பெண் அதே முறையை மறையூரில் கையாண்டால், மாலை வரை சுருள் கலையாமல் நிற்கும். இரண்டு ஊர்களும் தேவிகுளம் வட்டத்திலேதான் இருக்கின்றன. ஆனால் தேவிகுளம் கடல்மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில் தென்மேற்குப் பருவமழையை நேரே ஏற்று நிற்கிறது. மறையூரோ மழைமறைவுப் பகுதியில் அமைந்த சந்தனக் காட்டு ஊர். கூந்தலைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு பெரியது. அது ஏன் என்பதையும், மலைநாட்டுப் பெண்கள் தலைமுடிக்குக் கேடின்றி எவ்வாறு ஒப்பனை செய்துகொள்ளலாம் என்பதையும் இன்று ஆராய்வோம்.

கூந்தலைச் சுருட்டுவது மேல்நாட்டாரிடமிருந்து வந்த நாகரிகம் என்று சிலர் கருதுகிறார்கள். அது சரியன்று. பழந்தமிழர் மகளிர் கூந்தலை ‘ஐம்பால்’ என்று வழங்கினர். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று ஐந்து வகையாகக் கூந்தலை முடிக்கும் முறைகளை உரையாசிரியர்கள் எடுத்துரைக்கிறார்கள். அவற்றுள் சுருளும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். நீராடிய கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. மணத்தைத் தருவதோடு ஈரத்தை மெல்ல உலர்த்தவும் அது உதவியது. இன்று நம் வீடுகளில் இடும் சாம்பிராணிப் புகை அவ்வழக்கத்தின் தொடர்ச்சியே ஆகும்.

இனி, சுருள் எவ்வாறு உண்டாகிறது என்று பார்ப்போம். தலைமுடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. இப்புரதச் சங்கிலிகள் சுருள்வடிவம் கொண்டவை என்பதை லைனஸ் பாலிங்கும் அவருடைய கூட்டாளிகளும் 1951இல் எடுத்துக்காட்டினர். புரதச் சங்கிலி எவ்வெவ்வாறு முறுகக்கூடும், எவ்வெவ்வாறு முறுக இயலாது என்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் 1963இல் வெளியிட்ட வரைபடம் உலகப் புகழ் பெற்றது.

இச்சங்கிலிகளை இருவகைப் பிணைப்புகள் இறுக்கி வைத்திருக்கின்றன. ஒருவகை கந்தகப் பிணைப்பு. அது வலியது, நீருக்கு அசையாது. மற்றொரு வகை ஹைட்ரஜன் பிணைப்பு. அது மெலியது, நீர் பட்டதும் நெகிழும், உலர்ந்ததும் மீண்டும் கூடும். ஈரமுடியை உருளையில் சுற்றி உலரவிட்டால், உருளையின் வளைவிலேயே அம்மெல்லிய பிணைப்புகள் புதிதாகக் கூடிக்கொள்கின்றன. சுருள் பிறப்பது இவ்வாறுதான். மருந்திட்டு நிரந்தரமாகச் சுருட்டும் முறையில் கந்தகப் பிணைப்புகளே உடைக்கப்படுகின்றன. உருளை முறையிலோ முடியின் அடிப்படைக் கட்டு குலைவதில்லை. அடுத்த முறை தலைக்குக் குளித்ததும் கூந்தல் தன் இயல்புக்குத் திரும்பிவிடும். ஆகவே சுருட்டும் முறைகளில் தீங்கு குறைந்தது இதுவே.

நீரால் நெகிழும் பிணைப்பு, காற்றிலுள்ள ஈரத்தாலும் நெகிழும். ஜெனீவா நகர அறிஞர் சொசூர் என்பவர் மனித முடியைக் கொண்டே காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியைச் செய்து, 1783இல் அதைப் பற்றி நூல் எழுதினார். வறண்ட காற்றிலிருந்து ஈரம் நிறைந்த காற்றுக்கு வரும்போது முடி நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்று மேலாக நீள்கிறது. பிற்காலத்தில் வானிலை நிலையங்களிலும் இத்தகைய கருவிகள் நெடுங்காலம் பயன்பட்டன. தேவிகுளத்து மூடுபனியில் சுருள் அவிழ்வதும், மறையூரின் வறண்ட காற்றில் அது நிலைப்பதும் இக்காரணத்தாலேயே.

இப்போது செய்முறைக்கு வருவோம். முதலில் தலையைக் கழுவி, துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். முறுக்கித் தேய்த்தல் கூடாது. ஈரமுடி எளிதில் நீளும், எளிதில் அறுபடும். சிக்கெடுக்கும்போது அகன்ற பல் சீப்பைக் கொண்டு நுனியிலிருந்து தொடங்கி, படிப்படியாக மேலே செல்ல வேண்டும்.

மழைநாளில் நீர் சொட்டும் முடியைச் சுற்றினால் பல மணி நேரமாகியும் உள்மடிப்பு உலராது. முக்கால் பங்கு உலர்ந்த பின் சுற்றுவதே நலம். ஒரு தடவைக்கு எடுக்கும் முடிக்கற்றை உருளையின் நீளத்தைவிட அகலமாக இருக்கலாகாது. கற்றையை மேல்நோக்கிப் பிடித்துச் சீவி, நுனிமுடிகளை ஒரு மெல்லிய தாளில் மடித்து, நுனியிலிருந்து அடிவரை ஒரே சீரான இழுவையுடன் சுற்றுங்கள். நுனி மடங்கிப்போனால் அது தூண்டில் முள்ளைப் போல் வளைந்து நிற்கும். வழவழப்பு வேண்டுவோர் பெரிய உருளையையும், நெருங்கிய சுருள் வேண்டுவோர் சிறிய உருளையையும் தேர்ந்துகொள்ளலாம். உருளை வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பழைய பருத்திப் புடவையைக் கிழித்த பட்டைகளில் முடியைச் சுற்றி முடிச்சிட்டாலும் நல்ல சுருள் கிடைக்கும். உறங்கும்போது தலையை உறுத்தாது.

இழுவை சீராக இருக்க வேண்டும் என்றேன். கடுமையாக இருக்க வேண்டும் என்று பொருள் கொள்ளலாகாது. முடியின் வேர் நாள்தோறும் இழுபட்டால் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் முடி உதிர்ந்து, நாளடைவில் அங்கே மீண்டும் முளைக்காமலே போகும். இறுக்கிப் பின்னும் சடைக்கும் இது பொருந்தும். சுற்றியதும் தலை வலித்தால் உடனே தளர்த்திவிடுங்கள்.

முடி முற்றும் உலர்ந்து, சூடு இருந்தால் அதுவும் ஆறிய பிறகே உருளையைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது இழுக்காமல், சுற்றிய வழியே அவிழ்த்துவிடுங்கள். பின்னர் இரண்டு துளி தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, கூந்தலின் மேல் தடவினால் சிலும்பல் அடங்கும். தேங்காயெண்ணெய் முடியின் உள்ளே ஊடுருவி, கழுவும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான மும்பை ஆய்வு ஒன்று காட்டியது. ஆளிவிதையைக் கொதிக்கவைத்து வடித்த கொழகொழப்பான நீரைச் சுற்றுமுன் பூசினால் சுருள் சற்று நேரம் கூடுதலாக நிற்கும்; எனினும் மூடுபனிக்கு அது முழுக்காப்பு ஆகாது. வெளியே செல்லும்போது தலையை முக்காட்டுத் துணியால் மூடிக்கொள்வதே அதற்கு ஏற்ற வழி.

அழகைவிட முக்கியமான சில எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் இம்மலைகளில் உறைபனி விழுவதுண்டு. அப்போது தலை உலர்த்துவதற்காக லயத்து அறையின் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டுக் கரிநெருப்புச் சட்டியை வைத்துக்கொள்வது உயிருக்கே ஆபத்து. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோரை அது உறக்கத்திலேயே கொல்லும். சாம்பிராணி இடுவதானாலும் கதவு திறந்திருக்கட்டும்; கூந்தல் தணலுக்கு எட்டாதிருக்கட்டும். நெருப்புச் சட்டியுடன் ஒருபோதும் உறங்காதீர்கள்.

தேயிலைக் கொழுந்து எடுக்கும் சகோதரிகள் பருவமழையில் நாள் முழுதும் ஈரத்தலையோடு நிற்க நேர்கிறது. ஈரக்கூந்தலை அப்படியே கொண்டையாக இறுக்கிக் கட்டினால் துர்நாற்றமும் பூஞ்சையும் உண்டாகும்; முடியிழைகளில் வெண்ணிறக் கட்டிகள் தோன்றுவதும் உண்டு. பிளாஸ்டிக் தாளுக்கு உள்ளே ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். நண்பகல் உணவின்போது உலர்ந்த துணி ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் கூந்தலை அவிழ்த்து உலரவிட்ட பிறகே பின்னுங்கள்.

சீப்பையும் உருளையையும் பிறரோடு பகிர்ந்துகொள்ளாதீர்கள். வீட்டில் ஒருவருக்குப் பேன் இருப்பின், அவற்றை நன்கு சூடான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவினால் போதும். ஈரமுடியில் பழுக்கக் காய்ந்த இடுக்கியை வைக்காதீர்கள். முடிக்குள் இருக்கும் நீர் ஆவியாகிக் கொப்புளங்களை உண்டாக்கும். அவ்விடத்தில் முடி முறியும்.

இறுதியாக ஒன்று. திருமணத்தை முன்னிட்டுப் பல வாரக் கூலியைச் செலவிட்டு, முடியை நேராக்கும் மருந்துச் சிகிச்சை செய்துகொள்ளும் வழக்கம் இளம்பெண்களிடையே பரவி வருகிறது. இம்மருந்துகளுள் சில, சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு என்னும் வாயுவை வெளியிடுகின்றன. இது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வகைப்படுத்தியது. சிகிச்சை செய்துகொள்பவரைக் காட்டிலும், காற்றோட்டமில்லாத கடையில் நாள்தோறும் அதைச் செய்துவிடும் பெண்ணுக்கே தீங்கு மிகுதி. மருந்தில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பது உங்கள் உரிமை. விடை கிடைக்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

தலைமுடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்கிறது. இடுப்பளவு கூந்தலின் நுனி ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் முளைத்தது. கெட்டுப்போன நுனியை எந்த எண்ணெயும் புதுப்பித்துத் தராது. ஆகவே அது கெடாமல் காப்பதுதான் நம்மால் இயன்றது. அதற்கு வேண்டியவை சிறிது பொறுமையும், அகன்ற பல் சீப்பும், சில துணிப்பட்டைகளுமே. மலைநாட்டுச் சகோதரிகள் இவற்றைக் கொண்டு செலவின்றி ஒப்பனை செய்துகொண்டு நலமுடன் வாழ்வார்களாக.