திருப்பூரின் ஷிப்டை யார் முடிவு செய்கிறார்கள்?

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே!

இலக்கிய மேடையில் ஏற்றுமதிக் கணக்கா என்று சிலர் நினைக்கலாம். திருப்பூரில் நின்றுகொண்டு இதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? சனிக்கிழமை உங்கள் கைக்கு வரும் சம்பளத்தை உங்கள் முதலாளி மட்டும் முடிவு செய்வதில்லை. பிரஸ்ஸல்ஸ், வாஷிங்டன் என்று நாம் பார்த்தே இராத ஊர்களில் எழுதப்படும் சட்டங்களும் முடிவு செய்கின்றன. அந்தச் சட்டங்களை நாம் படித்தாக வேண்டும். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

இது நேற்று தொடங்கிய கதையும் இல்லை. சோழமண்டலக் கரையின் துணிக்காகத்தான் 1639இல் ஆங்கிலக் கம்பெனி சென்னையில் காலூன்றியது. நம் நாட்டுத் துணி லண்டனில் சக்கைப்போடு போட்டது. அந்த ஊர் நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவே கூடாது என்று 1721இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. கதவைச் சாத்திக்கொண்டுதான் அவர்கள் தங்கள் ஆலைகளை வளர்த்தார்கள்.

நம் காலத்துக்கு வருவோம். 1974 முதல் 2004 கடைசி வரை கோட்டா முறை. எந்த நாடு எத்தனை உருப்படி அனுப்பலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் அளந்து கொடுத்தன. கோட்டா இருந்தால்தான் சரக்கு கப்பல் ஏறும் என்றிருந்த அந்த நாட்கள் இங்குள்ள பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். தென்கொரியாவுக்கும் கோட்டா இறுகியது. அங்கிருந்த டேவூ நிறுவனம் கோட்டா இல்லாத நாட்டைத் தேடிப் போய், வங்கதேசத்தின் தேஷ் கார்மெண்ட்ஸுடன் கைகோத்தது. 1979இல் தேஷிலிருந்து சுமார் 130 பேர் தென்கொரியாவின் பூசான் நகருக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அவர்களில் பலர் பிறகு வேறு கம்பெனிகளுக்குப் போனார்கள், சிலர் சொந்தமாகவே தொடங்கினார்கள். பருத்தி பெரிதாக விளையாத அந்த நாடு இன்று ஆடை ஏற்றுமதியில் சீனாவுக்கு அடுத்த வரிசையில் நிற்கிறது.

2001 முதல் ஐரோப்பாவில் வங்கதேச ஆடைகளுக்குத் தீர்வை இல்லை. 2011இல் விதி இன்னும் தளர்ந்தது. துணியை வெளியில் வாங்கித் தைத்தாலும் சலுகை உண்டு. நம் ஆலையின் நூல் எல்லை தாண்டிப் போய், டி-ஷர்ட்டாகி, தீர்வை இல்லாமல் ஐரோப்பாவில் இறங்கியது. அதே நூலில் இங்கே தைத்தால் தீர்வை கட்ட வேண்டியிருந்தது.

இதைக் கேட்டு வங்கதேசத் தொழிலாளி மேல் யாரும் கோபப்பட வேண்டாம். 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள், உள்ளே போனார்கள். அங்கே கலவரம் என்றால் இங்கே ஆர்டர் வரும் என்று யாராவது மகிழ்ந்து பேசினால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

அமெரிக்காவின் தீர்வை அட்டவணையில் ஒரே ஒரு வரியைப் பாருங்கள். பருத்தி டி-ஷர்ட்டுக்கு வழக்கமான தீர்வை 16.5 சதவீதம். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் மீது கூடுதல் தீர்வை 50 சதவீதமானது. கூட்டிப் பாருங்கள், 66.5! வங்கதேசம், வியட்நாம், இலங்கைக்கெல்லாம் அப்போது கூடுதல் 20தான். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கைவேகம் ஒரே இரவில் குறைந்துவிட்டதா? அந்த ஐம்பதில் பாதி, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்காக. எண்ணெய்க்கும் பேட்லாக் தையலுக்கும் என்ன சம்பந்தம்? தீர்வை ஏறும், இறங்கும். அன்று நின்றுபோன ஷிப்டின் கூலி மட்டும் திரும்பி வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023இல் உலகம் முழுக்க உற்பத்தியான இழை சுமார் 12.4 கோடி டன். அதில் பாலியஸ்டர் 57 சதவீதம், பருத்தி ஏறக்குறைய 20தான். நாமோ இன்னும் பெரும்பாலும் பருத்தியையே நம்பியிருக்கிறோம். மாற வேண்டும் என்கிறார்கள், மாறலாம். ஆனால் சாயக் கழிவைக் கொட்டி நொய்யல் ஆற்றை நாம் என்ன செய்தோம் என்பதையும், 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் மறந்துவிட்டு மாறக் கூடாது.

2025 ஜூலை 24 அன்று பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தம் நம் ஆடைகளுக்கு அங்குள்ள தீர்வையை நீக்க வழி செய்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் தீர்வை மிச்சம் என்றதும் முதலில் கை நீட்டுபவர் இறக்குமதியாளர். விலையைக் குறை என்பார். தொழிற்சங்கத் தோழர்களே, அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சுக்குப் போகும்போது இந்தத் தீர்வைக் கணக்கைக் கையோடு கொண்டு போங்கள். எந்த நாட்டில் எவ்வளவு மிச்சம், அதில் பேட்லாக் டெய்லருக்கு எவ்வளவு, செக்கிங் பார்க்கும் பெண்ணுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். வணிக ஒப்பந்தம் பேசும்போது ஏற்றுமதியாளர்களின் கருத்தைக் கேட்கும் தில்லி, தைப்பவர்களின் சங்கங்களையும் அழைத்து உட்கார வைக்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.