கோல் காப்பாளரை அளப்பது எங்ஙனம்?



துடுப்பாட்டக்காரர் பெற்ற ஓட்டங்களை எண்ணலாம். ஓட்ட வீரர் எடுத்த நேரத்தைக் கணிக்கலாம். ஆனால், ஒன்று நிகழாமற் தடுப்பதையே தொழிலாகக் கொண்டவரின் திறமையை எவ்வாறு அளப்பது? கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பெருவழக்காயுள்ள பனித்தள ஹொக்கியின் கோல் காப்பாளரைப் பற்றிய வினா இது.

6 அடி அகலமும் 4 அடி உயரமும் கொண்ட வாயிலை அவர் காக்கின்றார். 3 அங்குல விட்டமுள்ள இறப்பர் வட்டு மணிக்கு 100 மைல் வேகத்திலும் அவரை நோக்கிப் பாயக்கூடும்.

வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக், 1927ஆம் ஆண்டு முதல் வெசினா விருதை வழங்கி வருகின்றது. மிகக் குறைந்த கோல்களை விட்டுக்கொடுத்த அணியின் காப்பாளருக்கே அது நெடுங்காலம் உரியதாயிருந்தது. ஆனால், முன்னே நிற்கும் பின்கள வீரர்கள் வலியராயின், சாதாரண காப்பாளரும் அப்புகழை அடையலாம் அல்லவா? 1982 முதல் அவ்விருதுக்குரியவரை அணிகளின் பொது முகாமையாளர்கள் வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். பழைய கணக்குக்கு ஜெனிங்ஸ் என்னும் பெயரில் வேறொரு விருது ஏற்பட்டது.

தம்மை நோக்கி வந்த அடிகளுள் எத்தனையைத் தடுத்தார் என்னும் விகிதம் இதனிலும் சிறந்த அளவை. எனினும், அதனுள்ளும் தற்செயல் ஒளிந்திருக்கின்றது. ஒரு பருவத்தில் 1500 அடிகளை எதிர்கொள்ளும் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் ஆயிரத்துக்கு 910 வீதமும், மற்றவர் 900 வீதமும் தடுக்கின்றனர். இருவருக்கும் இடையே உள்ள வேற்றுமை 15 கோல்களே. ஆனால், ஒருவரின் திறமை சிறிதும் மாறாதிருக்கும்போதே, தற்செயலால் மட்டும் 11 அல்லது 12 கோல்கள் கூடுதலும் குறைதலும் இயல்பு என்பது நிகழ்தகவுக் கணிதம் காட்டும் உண்மை.

மேலும், அடிகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. தொலைவிலிருந்து வரும் அடியும், அருகில் திடீரெனத் திரும்பிவரும் அடியும் ஏட்டில் ஒன்றெனவே எண்ணப்படுகின்றன. வட்டைப் பற்றிக்கொள்ளாது எதிரியின் முன்னே தெறிக்கவிட்டு, மறு அடியையும் தடுப்பவருக்கு இரண்டு தடுப்புகள் எழுதப்படுகின்றன. முதலிலேயே பற்றிக்கொண்டவருக்கு ஒன்றுதான்! நியூ ஜேர்சி அணியின் மார்ட்டின் புரொடூர் 691 வெற்றிகளைக் கண்டவர். வட்டைத் தாமே கையாண்டு, எதிரணியின் தாக்குதலை முளையிலேயே கிள்ளுவதில் வல்லவர். அவ்வாறு நிகழாமற்போன அடி எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை.

அடி எழுந்த தூரத்தையும் கோணத்தையும் கருத்திற்கொண்டு, எத்தனை கோல்கள் விழுந்திருக்க வேண்டும் என மதிப்பிடும் முறைகள் இந்நாளில் எழுந்துள்ளன. இவை முன்னையவற்றினும் மேலானவை. ஆயினும், காப்பாளரின் பார்வையை மறைத்து நின்றவர் எத்தனை பேர் என்பதை அத்தூரமும் கோணமும் கூறமாட்டா.

இது வெறும் கணக்குப் பயிற்சியன்று. ஒரு பருவத்தின் இலக்கத்தை நம்பி ஒருவருக்குப் பல்லாண்டு ஒப்பந்தம் கிட்டுகின்றது. மற்றொருவர் பிழைப்பை இழக்கின்றார். ஆதலின், பல பருவங்களின் கணக்கைச் சேர்த்து நோக்கி, அனுபவமுள்ள கண்களின் சாட்சியத்தையும் கேட்டபின் தீர்ப்புக் கூறுவதே நீதியாகும்.